எண்ணெய்க் கப்பலும் கரையோர மக்களும்

ஒரு தீங்கு பல ஆண்டுகளாக நிகழாதிருக்குமாயின், அஃது இனி நிகழவே மாட்டாது என்று எண்ணுதல் மனித இயல்பு. கதவைப் பூட்டாது துயின்ற வீட்டிலே முதல்நாள் திருடன் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, சில காலம் சென்றபின் திறவுகோல் இருக்குமிடமே மறந்துபோகின்றது. இம்மறதியை வள்ளுவர் பொச்சாப்பு என்னும் சொல்லாற் குறித்தார். அரசியலில் அவர் வகுத்த அதிகாரங்களுள் பொச்சாவாமை என்பதும் ஒன்று. நல்ல காலத்தின் மகிழ்ச்சியிலே தோன்றும் சோர்வு, அளவு கடந்த சினத்தினும் கொடியது என்பது அங்கே அவர் காட்டும் கருத்து.

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே நிறைவேறிய எண்ணெய் மாசுச் சட்டத்தின் ஒரு பகுதியில், ஏறக்குறைய இதே பொருளுடைய ஒரு சொல் காணப்படுகின்றது. எண்ணெய் ஏற்றும் துறையையும் கப்பற் போக்குவரத்தையும் கண்காணிக்கக் கடமைப்பட்ட கம்பனியாரும் அரசாங்க உத்தியோகத்தரும் பொச்சாந்திருந்தமையே ஒரு பெரிய கடல் விபத்துக்குரிய காரணங்களுள் ஒன்று என அச்சட்டம் வெளிப்படையாகக் கூறுகின்றது. அதற்கு மருந்தாக அச்சட்டம் மற்றொன்றையும் கூறுகின்றது. விபத்து நேர்ந்தால் எவர் வாழ்வு அழியுமோ, அந்தக் கரையோர மக்களையே காவலில் ஒரு பங்காளிகளாக அமர்த்துதல் வேண்டும் என்பதே அம்மருந்து. அந்த விபத்து யாது, காவலுக்கு வந்த மக்கள் யாவர், அவர்களால் விளைந்த பயன் என்ன என்பன கடலை நம்பி வாழும் எந்நாட்டவரும் அறிந்துகொள்ளத் தக்கன.

வட அமெரிக்காக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் உள்ளது அலாஸ்கா. ஆர்க்டிக் சமுத்திரத்தை அடுத்த அதன் வடகரையிலே எடுக்கப்படும் எண்ணெய், 800 மைல் நீளமான குழாய் வழியே மலைகளையும் ஆறுகளையும் கடந்து, தென்கரையிலுள்ள வல்டீஸ் துறைமுகத்தை வந்தடைகின்றது. அங்கே கப்பல்களில் ஏற்றப்பட்டு, பிரின்ஸ் வில்லியம் குடாவினூடாகத் திறந்த சமுத்திரத்துக்குச் செல்கின்றது. இக்குழாய்வழி 1977ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. பல எண்ணெய்க் கம்பனிகள் கூட்டாக அமைத்த அலியெஸ்கா என்னும் நிறுவனம் அதனை நடத்துகின்றது.

பிரின்ஸ் வில்லியம் குடா பனிமலைகளாற் சூழப்பட்டது. தீவுகளும் நுழைகழிகளும் நிறைந்தது. சால்மன், ஹெரிங் ஆகிய மீன்களுக்குப் பேர்பெற்றது. அதன் கரையிலுள்ள கோர்டோவா என்னும் சிற்றூருக்கு வெளியூர்களிலிருந்து செல்லும் தரைவழி இல்லை. கப்பலிலோ ஆகாய விமானத்திலோதான் செல்லலாம். அவ்வூரார் கடற்றொழிலையே நம்பி வாழ்பவர்கள். தட்டிற்லெக், செனேகா என்னும் ஊர்களில் ஆதிக்குடிகளாகிய அலூற்றிக் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்குக் கடலே வயல், கடலே களஞ்சியம்.

குழாய்வழியைப் பற்றிய பேச்செழுந்த காலத்திலேயே கோர்டோவாக் கடற்றொழிலாளர் அச்சங் கொண்டனர், நீதிமன்றத்தையும் நாடினர். 1973ஆம் ஆண்டில் அமெரிக்க மேற்சபையிலே, வழக்குகளால் மேலும் தாமதம் நேராதபடி தடுக்கும் ஒரு திருத்தத்துக்குச் சார்பாக 49 வாக்குகளும் எதிராக 49 வாக்குகளும் விழுந்தன. சபைக்குத் தலைமை தாங்கிய உபசனாதிபதியின் ஒரு வாக்கினால் அது நிறைவேறியது. கடற்றொழிலாளர் தோற்றனர். கப்பல்கள் வருமுன் அவர்களுக்குக் கிடைத்தவை, பாதுகாப்பைப் பற்றிய வாக்குறுதிகளே.

தொடக்கத்தில் அவ்வாக்குறுதிகள் ஓரளவு காக்கப்பட்டன. எண்ணெய் கசிந்தால் உடனே சென்று தடுப்பதற்கென இரவும் பகலும் ஆயத்தமாக இருந்த தனிக்குழு ஒன்று துறையிலே இருந்தது. ஆண்டுகள் சென்றன. எண்ணெய்க் கப்பல்கள் 8,700 தடவைக்கு மேலாகக் குடாவினூடே பெருந்தீங்கின்றிச் சென்று வந்தன. தீங்கின்மையே சோர்வுக்கு வித்தாயிற்று. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அத்தனிக்குழு கலைக்கப்பட்டு, வேறு வேலைகளில் உள்ளவர்களே தேவையேற்படும்போது இப்பணியையும் பார்ப்பர் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. கரையோரக் காவற்படையின் ராடார்க் கண்காணிப்பும் நாளடைவில் தளர்ந்தது. கம்பனி அரசாங்கத்தை நம்பியது. அரசாங்கம் கம்பனியை நம்பியது. இருவரும் கடந்த பன்னிரண்டு ஆண்டுகளை நம்பினர்.

1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் தேதி மாலை வல்டீஸ் நகரிலே ஒரு பொதுக்கூட்டம் நடைபெற்றது. கோர்டோவாவிலிருந்து தொலைபேசி வாயிலாக அக்கூட்டத்திற் பேசிய ஒரு பெண்மணி, பெரிய எண்ணெய்க் கசிவு நிகழுமா என்பது கேள்வியன்று, எப்போது நிகழும் என்பதே கேள்வி என்ற கருத்தை எடுத்துரைத்தார். அவர் கடல்நஞ்சியல் கற்றவர்; மீன்பிடித் தொழிலும் செய்தவர். அதே இரவு 9 மணியளவில், எக்ஸொன் வல்டீஸ் என்னும் கப்பல் ஏறத்தாழ 5 கோடியே 30 இலட்சம் கலன் எண்ணெயுடன் துறையை விட்டுப் புறப்பட்டது.

வழியிலே கொலம்பியா பனிக்கட்டியாற்றிலிருந்து உடைந்து மிதந்துவந்த பனிக்கட்டிகள் கிடந்தன. அவற்றை விலக்கும் பொருட்டுக் கப்பல் தனக்குரிய பாதையை விட்டு விலகியது. கப்பற்றலைவர் தமது அறையில் இருந்தார். களைப்புற்றிருந்த மூன்றாம் நிலை அதிகாரி ஒருவரே கப்பலைச் செலுத்தும் மேடையிற் பொறுப்பாக நின்றார். உரிய வேளையிற் கப்பல் திரும்பவில்லை. அது பாறையை நோக்கிச் செல்வதைக் கரையிலிருந்து எவரும் கவனிக்கவுமில்லை. நள்ளிரவு கடந்து 4 நிமிடத்தில் அது பிளை பாறைத்திட்டின்மேல் ஏறியது. பதினொரு எண்ணெய் அறைகளுள் எட்டுக் கிழிந்தன. ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கலன் எண்ணெய் கடலிற் கலந்தது.

ஐந்து மணித்தியாலத்துள் தடுப்புக் கருவிகள் விபத்து நடந்த இடத்தை அடையும் என்று எழுத்திலிருந்த திட்டம் கூறியது. ஆனால் அக்கருவிகளைக் கொண்டுசெல்ல வேண்டிய தட்டைத் தோணி பழுதுபார்ப்பதற்காக ஒதுக்கப்பட்டிருந்தது. கருவிகள் அதிலிருந்து இறக்கப்பட்டிருந்தன. சில கருவிகளைப் பனி மூடியிருந்தது. தோணி சென்றடைந்தபோது பதினான்கு மணித்தியாலம் வரையிற் கழிந்துவிட்டது. முதல் மூன்று நாட்களும் கடல் அமைதியாகக் கிடந்தது. அந்த அருமையான பொழுது, யார் கட்டளையிடுவது, எதைக் கொண்டு தடுப்பது என்ற குழப்பத்திலே பெரிதும் வீணாயிற்று. பின்னர்ப் புயல் வந்தது. எண்ணெய் தென்மேற்கே பரந்து, வளைந்தும் நெளிந்தும் செல்லும் கரையிலே 1,300 மைல் வரையிற் படிந்தது.

இக்குழப்பத்தினிடையே கோர்டோவாக் கடற்றொழிலாளர் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. தங்கள் சிறு படகுகளிற் புறப்பட்டுச் சென்றனர். குடாவின் தென்மேற்கிலே, சால்மன் குஞ்சுகளை இலட்சக் கணக்கில் வளர்த்துக் கடலில் விடும் நிலையங்கள் உள்ளன. அவை அழிந்தால் வருங்காலப் பிடிப்பும் அழியும் என்பதை அவர்கள் அறிவார்கள். எந்தத் துறையில் நீரோட்டம் எவ்வாறு சுழலும், எந்த வாயிலில் மிதவை வேலி நிற்கும் என்பதையும் அறிவார்கள். கிடைத்த மிதவை வேலிகளை வாயில்களின் குறுக்கே கட்டினர். வாளிகளாலும் எண்ணெயை அள்ளினர். முக்கியமான வளர்ப்பு நிலையங்கள் காப்பாற்றப்பட்டன. அந்நாட்களில் நிகழ்ந்த நற்செயல்களுள் இது தலையாயது. கரையோர மக்கள் நட்டஈடு கேட்டு நிற்கும் கூட்டத்தினர் மாத்திரமல்லர், காவலுக்கு இன்றியமையாத அறிவுடையவர்கள் என்பதையும் இச்செயலே புலப்படுத்தியது.

இழப்போ பெரிது. இரண்டரை இலட்சம் கடற்பறவைகளும், 2,800 கடல் நீர்நாய்களும், 300 கடல்நாய்களும், 250 வெண்டலைக் கழுகுகளும் மடிந்தன என்று மதிப்பிடப்பட்டது. 1993ஆம் ஆண்டில் ஹெரிங் மீன்வளம் சரிந்து வீழ்ந்தது. அச்சரிவில் எண்ணெயின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் கோர்டோவாவின் இளவேனிற்கால வருவாய் அதனுடன் மறைந்தது. கடற்றொழிலாளரும் பிறரும் தொடுத்த வழக்கிலே, 1994ஆம் ஆண்டு யூரிமார் 500 கோடி டொலர் தண்டம் விதித்தனர். மேல்முறையீடுகள் நீண்டன. 2008ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அதனை ஏறத்தாழ 50 கோடி டொலராகக் குறைத்தது. விபத்து நிகழ்ந்து பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின் வந்த இத்தீர்ப்பைக் காணாமலே வழக்காளிகளுட் பலர் இறந்துபோயினர். வீட்டிலே பிணக்கு, மதுப்பழக்கம், மனச்சோர்வு, அயலவரிடையே மனக்கசப்பு ஆகியவையும் அவ்வூர்களிற் பெருகின. மதிப்பிட்டு ஈடுகொடுக்க முடியாத நட்டங்கள் அவை.

இவ்வளவும் நிகழ்ந்தபின் ஒரு கேள்வி எழுந்தது. சட்டம் இருந்தது, திட்டம் இருந்தது, அதிகாரிகளும் இருந்தனர். இருந்தும் காவல் ஏன் தவறியது? காவல் செய்தோர் எவருக்கும் கவலை இல்லாமையாலே தவறியது என்பதே விடை. கம்பனிக்குச் செலவைக் குறைத்தல் நோக்கம். உத்தியோகத்தரோ சில ஆண்டுகளில் வேறிடத்துக்கு மாறிச் செல்பவர். கரையிலே பிறந்து, கரையிலே உண்டு, கரையிலே இறப்பவனுக்கு மாத்திரமே அக்கடலை மறக்க முடியாது. அவனுக்கோ அதுவரை காவலிலே இடமில்லை.

இதற்கு வழிகாட்டி அற்லாந்திக் சமுத்திரத்தின் மறுபுறத்தில் இருந்தது. ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லண்ட் தீவுகளில், சலம் வோ என்னும் இடத்திலே பெரிய எண்ணெய்த் துறை ஒன்று அமைந்தது. அங்கே தீவினரின் உள்ளூர்ச் சபை துறையின்மேல் வலுவான உரிமைகளைத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொண்டது. துறை திறக்கப்படுமுன், 1977ஆம் ஆண்டிலேயே, சுற்றாடலைப் பற்றிய ஆலோசனைக் குழுவொன்றும் நிறுவப்பட்டது. 1978ஆம் ஆண்டு இறுதியிலே, துறையை அணைந்த கப்பலொன்று மோதியதால் ஏறத்தாழ 1,100 தொன் எரியெண்ணெய் சிந்தியது. அந்தப் பாடத்தின் பின்னர் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. விபத்து நிகழ்ந்த 1989ஆம் ஆண்டிலேயே அலாஸ்காவிலிருந்து ஒரு குழுவினர் அங்கே சென்றனர். எண்ணெய்க் கம்பனிகளும் தீவு மக்களும் ஒரே மேசையில் இருந்து பேசும் முறையைக் கண்டு மீண்டனர்.

அவ்வாண்டு முடியுமுன்னரே பிரின்ஸ் வில்லியம் குடாப் பிரதேச மக்கள் ஆலோசனைச் சபை என்னும் சங்கம் பதிவு செய்யப்பட்டது. 1990ஆம் ஆண்டு பெப்ருவரியில் அலியெஸ்கா நிறுவனம் அதனுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. குழாயில் எண்ணெய் ஓடும் காலம் வரைக்கும் சபையின் செலவைக் கம்பனி தரும். ஆனால் சபையின் சொல்லிலும் செயலிலும் அது தலையிடாது என்பது அதன் சாரம். ஆகஸ்ட் மாதத்தில் வந்த சட்டம் இவ்வகையான சபைகளுக்குச் சட்ட பீடத்தை அளித்தது. இக்குடாவின் சபைக்கு ஆண்டுதோறும் 20 இலட்சம் டொலர் வரையும், மேற்கேயுள்ள குக் கழிமுகத்தின் சபைக்கு 10 இலட்சம் டொலர் வரையும் எண்ணெய்த் தொழிலாரிடமிருந்து பெறுவதற்கு அச்சட்டம் வழிவகுத்தது.

சபையின் அமைப்பு கருதத்தக்கது. இன்று அதில் பதினெட்டு அமைப்புக்கள் அங்கம் வகிக்கின்றன. கோர்டோவா, வல்டீஸ், கோடியாக், ஹோமர் முதலிய ஊர்களும், தட்டிற்லெக், செனேகா ஆகிய ஆதிக்குடி ஊர்களும், கடற்றொழிலாளர், மீன்வளர்ப்போர், சுற்றுலாத் தொழிலார், சூழல் பேணுவோர் ஆகியோரின் சங்கங்களும் தத்தம் பிரதிநிதிகளை அனுப்புகின்றன. அரசாங்கத் திணைக்களங்களின் பிரதிநிதிகள் கூட்டங்களில் அமரலாம், வாக்களித்தல் இயலாது. எண்ணெய்க் கம்பனிக்கு அங்கே ஆசனமே இல்லை. சபை தனக்குரிய கடமையைச் செய்து வருகின்றதா என்பதைக் கரையோரக் காவற்படை ஆண்டுதோறும் ஆராய்ந்து சான்று வழங்குகின்றது.

இச்சபைக்குக் கட்டளையிடும் அதிகாரம் சிறிதும் இல்லை. கப்பலை நிறுத்தவோ, தண்டம் விதிக்கவோ, அனுமதிப் பத்திரத்தை மறுக்கவோ அதனால் இயலாது. ஆயின் வெறும் ஆலோசனைக்கு வலிமை எங்கிருந்து வருகின்றது என்று எவரும் ஐயுறுதல் கூடும். மூன்று உரிமைகளிலிருந்து வருகின்றது எனலாம். முதலாவது, பார்க்கும் உரிமை. துறையிலும் பயிற்சிகளிலும் நடப்பதைச் சபையார் நேரிலே சென்று காணலாம். இரண்டாவது, தாமே ஆராயும் உரிமை. தமக்கென ஒரு நிதி இருத்தலால், கம்பனியின் நிபுணர் கூறுவதைத் தம் நிபுணரைக் கொண்டு சோதிக்கலாம். மூன்றாவது, காரணம் கேட்கும் உரிமை. சபையின் விதப்புரையை ஏற்க மறுத்தால், அல்லது பெரிதும் மாற்றினால், அம்முடிவையும் அதற்குரிய காரணத்தையும் ஐந்து நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்று சட்டம் விதிக்கின்றது. வாயினால் மறுத்தல் எளிது. காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டு மறுத்தல் அத்துணை எளிதன்று.

சபையின் வேலை ஐந்து குழுக்களாற் செய்யப்படுகின்றது. எண்ணெய்க் கசிவைத் தடுத்தலும் எதிர்கொள்ளலும், துறைமுகமும் கப்பற் போக்குவரத்தும், எண்ணெய்த் துறையின் நடைமுறை, விஞ்ஞான ஆலோசனை, மக்களுக்கு அறிவூட்டல் என்பன அவற்றின் பொருள்கள். இக்குழுக்களில் ஊதியமின்றிப் பணியாற்றுவோர் ஊர்மக்கள். ஊதியம் பெறும் சிறு அலுவலகம் அவர்களுக்குத் துணையாக உள்ளது. ஒரு கம்பனியின் இடர்காலத் திட்டம் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டது. அதனை வரிவரியாகப் படித்து, இத்தோணி எங்கே உள்ளது, இக்கருவியை இயக்கப் பயின்றவர் எத்தனை பேர், குளிர்கால இருளில் இது நடைபெறுமா என்று வினவுவதே அவர்களுடைய நாளாந்தப் பணி. 1989ஆம் ஆண்டிலே கேட்பாரின்றிக் கிடந்த கேள்விகள் இவையே.

இப்பணியால் விளைந்தவற்றுட் சில எடுத்துக்காட்டத் தக்கன. பனிக்கட்டியை விலக்கச் சென்றதாலன்றோ கப்பல் பாதை மாறியது? ஆதலின், மிதக்கும் பனிக்கட்டிகளைக் கண்டறியும் ராடார்க் கருவி ஒன்று, சபையும் கம்பனியும் அரசாங்க நிறுவனங்களும் சேர்ந்து முயன்றதன் பயனாக, பிளை பாறைத்திட்டை அடுத்த சிறுதீவிலே 2000ஆம் ஆண்டை அடுத்த ஆண்டுகளில் நிறுவப்பட்டது. 1993ஆம் ஆண்டு தொட்டுச் சபை கரையோரத்து மட்டிகளைச் சேகரித்துச் சோதித்து வருகின்றது. மட்டி நீரை வடித்து உண்ணும் உயிர்; நீரிலுள்ள எண்ணெயின் சிறு கூறுகளும் அதன் தசையிலே தேங்கும். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் அது காட்டிக்கொடுக்கும். இனி, கப்பலில் எண்ணெய் நிரப்பும்போது அறைகளிலிருந்து வெளியேறும் ஆவியிலே பென்சீன் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அது வல்டீஸ் மக்களை எவ்வளவு பாதிக்கின்றது என்பதிலே கம்பனியின் ஆய்வும் சபையின் ஆய்வும் மாறுபட்டன. ஈற்றிலே, 1998ஆம் ஆண்டில், அந்த ஆவியைப் பிடித்து அடக்கும் பொறிகள் துறையில் இயங்கத் தொடங்கின.

எல்லாவற்றினும் மேலாக, வாளியுடன் சென்ற அந்தக் கடற்றொழிலாளரின் அறிவு இன்று வீணாக விடப்படவில்லை. ஏறத்தாழ 400 மீன்பிடிப் படகுகள் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்துள்ளன. அவற்றை நடத்துவோர் ஆண்டுதோறும் மிதவை வேலி இழுக்கவும், எண்ணெய் அள்ளும் பொறிகளை இயக்கவும் கூலியுடன் பயிற்சி பெறுகின்றனர். எந்தக் கழிமுகத்தை முதலிற் காத்தல் வேண்டும், அங்கே மிதவை வேலியை எங்கே கட்டுதல் வேண்டும் என்பன முன்கூட்டியே படமாக வரையப்பட்டுள்ளன. மனத்துயரும் மறக்கப்படவில்லை. இத்தகைய பேரிடரின்பின் ஊரார் ஒருவர்க்கொருவர் எவ்வாறு துணையாகலாம் என்பதை விளக்கும் கைந்நூல் ஒன்றைச் சபை ஆக்கியது. 2010ஆம் ஆண்டில் மெக்சிக்கோ வளைகுடாவிலே பெருங்கசிவு நேர்ந்தபோது, அவ்விடத்து மக்களுக்கும் அந்த அனுபவம் பயன்பட்டது.

குக் கழிமுகத்துச் சபையின் செயலொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. அக்கழிமுகத்தின் மேற்கரையில், ரிடவுட் என்னும் எரிமலையிலிருந்து இறங்கும் ஆற்றின் முகத்திலே எண்ணெய்த் தாங்கிகள் இருந்தன. 2009ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எரிமலை கக்கத் தொடங்கியது. பனி உருகிச் சேற்றுவெள்ளம் தாங்கிகளை நோக்கிப் பாய்ந்தது. அங்கே எவ்வளவு எண்ணெய் உள்ளது என்பது பாதுகாப்புக் காரணம் காட்டி முதலில் வெளியிடப்படவில்லை. ஆலோசனைச் சபை உண்மையை வெளியிடுமாறும் எண்ணெயை அகற்றுமாறும் வற்புறுத்தியது. ஏறத்தாழ 60 இலட்சம் கலன் இருந்தமை பின்னர்த் தெரியவந்தது. எண்ணெயும் கப்பல் மூலம் அகற்றப்பட்டது. அறியும் உரிமை இல்லாதவிடத்து ஆலோசனை கூறும் உரிமையாற் பயனில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

இச்சபைகளைக் குறைகூறுவோரும் உளர். கண்காணிக்கப்படுபவனிடமே கூலி வாங்கும் காவற்காரன் உண்மையாகக் காவல் செய்வானா என்பது ஒரு கேள்வி. இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. ஒப்பந்தத்திலே சுதந்திரம் எழுதப்பட்டிருந்தாலும், நிதியைப் பற்றிய பேச்சு குறித்த காலத்துக்கொருமுறை எழுந்தே தீரும். எழுத்திலுள்ள சுதந்திரத்தைப் பேசத் துணிந்தவரே காப்பாற்றுதல் கூடும். அதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். எண்ணெயேற்றிய கப்பலுக்கு இரண்டு இழுவைக் கப்பல்கள் துணையாகச் செல்லுதல் வேண்டும் என்ற 1990ஆம் ஆண்டு விதி, ஒற்றை அடித்தளக் கப்பல்களுக்கே உரியதாக இருந்தது. அதே சட்டத்தின்படி இரட்டை அடித்தளக் கப்பல்கள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. பழைய கப்பல்கள் மறையும்போது அவ்விதியும் தானாகவே செயலற்றுப்போகும் நிலை உண்டாயிற்று. இரட்டை அடித்தளமும் பாறையிற் கிழியும் என்பதைச் சபை ஆண்டுக்கணக்காக எடுத்துரைத்தது. 2010ஆம் ஆண்டிலே நிறைவேறிய சட்டம், இரட்டை அடித்தளக் கப்பல்களுக்கும் இரு துணைக்கப்பல்கள் கட்டாயம் என்று விதித்தது. கம்பனிக்குச் செலவு தரும் இவ்விதிக்காக வாதாடிய சபை, கம்பனியின் பணத்தாலேயே நடைபெறும் சபையாகும்.

மற்றொரு குறையும் உண்டு. அது காலத்தால் வருவது. 1988ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாய்க்கு மேலாக ஓடிய குழாயில் இன்று அதன் நாலிலொரு பங்களவே ஓடுகின்றது. வருவாய் குறையும்போது செலவைக் குறைக்கும் எண்ணம் பிறத்தல் இயல்பு. அந்த இரவை நேரிலே கண்டவர்கள் முதுமை எய்தி வருகின்றனர். அவ்வாண்டிலே பிறந்த குழந்தைகள் இன்று தாமே பிள்ளைகளைப் பெற்றவராய் உள்ளனர். அவர்களுக்கு அஃது ஒரு கதை. ஆதலினாற் பாடசாலை மாணவருக்கு இவ்வரலாற்றைக் கற்பிப்பதையும் சபை தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டிருக்கின்றது.

மறதி எவ்வளவு எளிதில் வரும் என்பதற்கு அக்கடலே ஒரு சான்று தந்தது. 2009ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி பாத்பைண்டர் என்னும் இழுவைக் கப்பல் பனிக்கட்டி உள்ளதா என்று பார்க்கும் வேலையாகச் சென்றது. வேலை முடிந்து மீளும்போது அது ஒரு பாறையில் ஏறியது. அது வேறொரு பாறையன்று. அதே பிளை பாறைத்திட்டு. கப்பல்களைப் பாறையிலிருந்து காக்கும் ஏற்பாட்டிலே அமர்ந்த கப்பலே, உலகமெல்லாம் அறிந்த பாறையிலே மோதியது. சிந்தியது அதன் சொந்த டீசல் எண்ணெய் மாத்திரமே. ஆதலாற் கேடு சிறிது. ஆனால் எச்சரிக்கை பெரிது.

இலங்கைக்கும் இது புறம்பான செய்தியன்று. 2020ஆம் ஆண்டு செப்டெம்பரில், ஏறத்தாழ 2,70,000 தொன் எண்ணெயுடன் சென்ற நியூ டயமண்ட் என்னும் கப்பல், அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் தீப்பற்றியது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இலங்கை, இந்தியக் கடற்படையினரும் பிறரும் முயன்று தீயை அணைத்தனர். ஏற்றிவந்த எண்ணெய் சிந்தவில்லை. அது சிந்தியிருப்பின், எக்ஸொன் வல்டீஸ் சிந்தியதைப் போல ஏழு மடங்கு ஆகியிருக்கும். மறு ஆண்டு கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரை அவ்வாறு தப்பவில்லை. பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. கடற்றொழிலாளர் வலை வீசாதிருக்க நேர்ந்தது. கப்பற் பாதையை மாற்றியமைத்தல் அவர்களால் இயலாது. ஆனால் எந்தக் களப்புவாயிலை முதலில் அடைத்தல் வேண்டும், எந்த மாதத்தில் நீரோட்டம் எத்திசையிற் செல்லும் என்பதை அவர்களினும் நன்கறிந்தவர் எவர்? அந்த அறிவைக் கேடு வந்தபின் தேடுவதா, வருமுன் கேட்டு வைப்பதா என்பதே அலாஸ்காவின் வரலாறு எழுப்பும் கேள்வி.

ஆலோசனைச் சபையால் எல்லா விபத்தையும் தடுத்துவிட இயலும் என்று எவரும் கூறார். பாறை இருந்த இடத்திலேயே இருக்கின்றது. கப்பல்களும் அதன் அருகாகவே செல்கின்றன. இரண்டு இழுவைக் கப்பல்கள் எண்ணெய்க் கப்பலுடன் கூடச் செல்கின்றன. மட்டிகள் எடுத்துச் சோதிக்கப்படுகின்றன. ஒரு சிறு மண்டபத்திலே கடற்றொழிலாளி ஒருவர் கம்பனியின் திட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்தத் தோணி இன்று எங்கே உள்ளது என்று கேட்கின்றார். 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே அக்கேள்வியைக் கேட்க உரிமையுடையவர் ஒருவரும் இருக்கவில்லை.